பட்டினி கிடந்தவர்கள் ஏன் பருத்தார்கள்?

அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களின் பள்ளிகளில் 1998-99 கல்வியாண்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டயான் நியூமார்க்-ஸ்டைனர் தலைமையிலான குழு 4,746 மாணவ மாணவியரிடம் கேள்வித்தாளை நீட்டியது. எடை குறைய என்ன செய்கிறாய்? டயட் இருக்கிறாயா? வேளை தவறிச் சாப்பிடுகிறாயா? பட்டினி கிடந்ததுண்டா? சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்ததுண்டா? மாத்திரை? கூடவே ஒவ்வொருவரின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளுக்கு அஞ்சலில் மறுபடியும் கேள்விகள் போயின. 2,516 பேர் பதில் எழுதினார்கள்.

எடையோடு மல்லுக்கட்டியவர்கள் மெலிந்திருப்பார்கள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? நடந்தது நேர்மாறு. வேளையைத் தவிர்ப்பது, கொறிப்பது போல உண்பது, மாத்திரை விழுங்குவது என்று தவறான வழிகளில் இறங்கியவர்கள், அப்படி எதுவுமே செய்யாதவர்களைவிடக் கூடுதலாகப் பருத்திருந்தார்கள். அதிக எடை என்ற வரம்பைத் தொடும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. ஏற்கெனவே குண்டாக இருப்பவர்தான் டயட் இருப்பார், அவர் மேலும் பருத்ததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். தொடக்க எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. 9 முதல் 14 வயது வரையிலான சுமார் 15,000 அமெரிக்கப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2003இல் வெளிவந்த வேறொரு ஆய்வும் இதையே சொன்னது.

கண்காணிப்பு ஆய்வு ஒன்றை வைத்துக்கொண்டு, டயட்தான் எடையை ஏற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழி எப்படிப் போயிருக்கும் என்பதை நியூமார்க்-ஸ்டைனர் குழு அடுத்த கட்டத்தில் தோண்டிப் பார்த்தது. டயட் இருந்த பிள்ளைகள் காலை உணவை அதிகமாக விட்டிருந்தார்கள். கட்டுப்பாடு இழந்து ஒரே மூச்சில் அள்ளித் தின்னும் பழக்கமும் அவர்களிடம் கூடியிருந்தது. காலையில் மிச்சம் பிடித்ததை மாலையில் வட்டியோடு செலவழித்தார்கள்.

இதில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை. உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதற்கான ஆதாரமும் அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில்தான் கிடைத்தது, அரை நூற்றாண்டுக்கு முன்பே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அங்குள்ள விளையாட்டரங்கின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த அறைகளில், ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைத் தங்கவைத்தார். போரில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் தராதவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடிக் கிடப்பவர்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை. ஆறு மாதம் அவர்களுக்கு உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்கு என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைக்குப் பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகத்தான் அனுமதிக்கின்றன!

எடையில் கால்பங்கு கரைந்தது. கூடவே நாடித்துடிப்பு மந்தமானது, கோடைகாலத்திலும் குளிர் எடுத்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஓய்வில் இருக்கும் உடம்பு எரிக்கும் ஆற்றல் பெருமளவு சரிந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு வெடிக்கும் அளவுக்கு உண்டார்கள், உண்ட பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். திரும்பி வந்த எடையில் தசையைவிடக் கொழுப்பு முந்திக்கொண்டு ஏறியது. மனமுவந்து, மருத்துவர்களின் கண்காணிப்பில், உயர்ந்த நோக்கத்தோடு பட்டினி கிடந்த திடமான ஆண்களின் நிலையே இது. கண்ணாடி முன் நின்று அழுதுவிட்டுக் காலை இட்லியை ஒதுக்கும் பதினான்கு வயதுப் பெண் என்ன செய்வாள்?

அவளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவள் உடம்பு வேலை நடந்துகொண்டிருக்கும் கட்டடம். முதிர்ந்த வயதில் இருக்கப்போகும் எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது. பூப்பெய்துவதற்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளில், வாழ்நாளுக்கான எலும்புச் சத்தில் பெரும்பங்கு படிகிறது. பையன்கள் வேகமாக வளரும் ஆண்டில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் உயர்வதுண்டு. பெண் குழந்தைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுவது இயற்கையின் திட்டம், நோய் அல்ல. இந்த நேரத்தில் புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் இரும்பையும் வெட்டினால் உடம்பு வேறு எங்காவது சிக்கனம் பிடிக்கும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்தும் உண்டு.

ஆனால் அதே வளர்ச்சி, பெரியவர்களுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பையும் தருகிறது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் 150 சென்டிமீட்டர் உயரம், 56 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண் 24.9. அந்த வயதுக்கு அது அதிகம். இரண்டு ஆண்டுகளில் அவன் 162 சென்டிமீட்டருக்கு வளர்ந்து, எடை அதே 56 கிலோவில் நின்றால் எண் 21.3 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. வளரும் பிள்ளைகளிடம் குழந்தை மருத்துவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: எடையை இறக்க வேண்டாம், ஏறாமல் பிடித்து நிறுத்து, உயரம் வந்து சேர்ந்துகொள்ளும். வளர்ச்சி முடிந்த பதினேழு வயதுக்காரருக்கும் உடல்பருமன் மிகுந்தவருக்கும் எடை இறங்கத்தான் வேண்டும், அதுவும் மெதுவாக.

இந்த எண்ணைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சூத்திரம் 19ஆம் நூற்றாண்டின் பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்டலே வகுத்தது. இன்றைய பெயரை 1972இல் அதற்கு வைத்தவர், பட்டினிச் சோதனை நடத்திய அதே ஆன்செல் கீஸ். பெரியவர்களுக்கான வரம்புகளைப் பிள்ளைகள் மேல் அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி வளைகோட்டுப் படங்கள் இருக்கின்றன. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் திருத்தி வெளியிட்ட படங்கள், பெரியவர்களில் 23க்கும் 27க்கும் இணையான கோடுகளை அதிக எடைக்கும் உடல்பருமனுக்கும் எல்லையாக வைத்திருக்கின்றன. மேலைநாட்டார் வைத்திருக்கும் 25, 30 என்ற எல்லைகளைவிட இவை தாழ்வானவை.

ஏன் தாழ்வு? புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் ஒரு படத்தோடு அதை விளக்கிவிட்டார். அவரும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றேதான், 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்களின் உடல்வாகு பொதுவாக இப்படி என்பதால், 'என் பையன் எங்கே சார் குண்டு, பூசினாற்போல இருக்கிறான்' என்னும் பெற்றோரின் நிம்மதி பல நேரம் ஆதாரமற்றது.

சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 6 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வில் தனியார் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதிக எடையோடு இருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் அது நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். மரபணு ஒன்று, ஊர் ஒன்று, வெயிலும் ஒன்று. மாறுவது வீட்டின் வருமானம், பள்ளிக்குப் போகும் வாகனம், கையில் இருக்கும் காசு, மாலை நேரத்தில் நடப்பது. பிள்ளையின் மன உறுதியைக் குறை சொல்லுமுன் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாலை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கு வேன். வாயில் பாதி தோசை, அல்லது அதுவும் இல்லை. மதியம் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். மாவுக்கு மாவு துணை. நாலரைக்குப் பள்ளி விட்டு ஐந்தரைக்கு டியூஷன். நடுவில் பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ், ஒரு குளிர்பானம். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, பசியில் பரோட்டாவோ சோறோ ஒரு பிடி பிடித்துவிட்டுப் படிக்க உட்கார வேண்டும். இந்த நாளில் பிள்ளை பெருந்தீனி எதுவும் தின்னவில்லை. வேளைகள்தான் இடம் மாறிக் கிடக்கின்றன.

சரிசெய்யச் சுலபமானது குளிர்பானம். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் அந்த ஒதுக்கீடு தீர்ந்து கடனும் ஏறிவிடுகிறது. குடித்த கலோரியை, கடித்துத் தின்ற கலோரி போல வயிறு கணக்கில் வைப்பதில்லை என்பது இன்னும் மோசம். அடுத்த வேளையில் அதற்காக யாரும் ஒரு இட்லி குறைத்துச் சாப்பிடுவதில்லை. டப்பாவில் வரும் பழச்சாறு, சர்க்கரை போட்ட பாதாம் பால், எனர்ஜி பானம், ஹெல்த் டிரிங்க் என்று பலர் சொல்லும் மால்ட் மாவு ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். எலுமிச்சையும் உப்பும் போட்ட நீர்மோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பப்ஸும் சிப்ஸும் கொஞ்சம் சிக்கலானவை. கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பெரியவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார். முன்னால் வைக்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். 2019இல் வெளியான இந்த முடிவில் கவனிக்க வேண்டியது வேகம்: மெல்ல வேண்டாத உணவை அவர்கள் விரைந்து விழுங்கினார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டு காலி.

நம் சாப்பாட்டில் குறை வேறிடத்தில் இருக்கிறது. சென்னைப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வொன்றில் தீட்டிய அரிசி போன்ற தானியங்களே உணவு ஆற்றலில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுத்தன. பருப்பு, பயறு வகைகள் எட்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பிள்ளைகள் அதே பானையிலிருந்துதான் உண்கிறார்கள். அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. தட்டில் சோற்று மலையின் ஓரத்தில் பொரியல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அளவுமுறையைத்தான் மாற்ற வேண்டும். காயும் கீரையும் பழமும் தட்டில் பாதியை எட்டட்டும் என்கிறது ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாம்பாரில் பருப்பு கரண்டியில் தட்டுப்பட வேண்டும். பள்ளி விட்டதும் கையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ, அவித்த முட்டையோ, வறுத்த வேர்க்கடலையோ இருந்தால் பேக்கரி வாசலைத் தாண்டிப் போவது எளிது. காலையில் இட்லியோடு சட்னி மட்டும் இல்லாமல் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்ந்தால் பதினொரு மணிப் பசி தள்ளிப்போகும். இதில் எதுவும் புது மருந்து இல்லை. ஓட்ஸ் பொட்டலம் வாங்கித்தான் இளைக்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். எடை குறைப்பில் அதன் பங்கைப் பலர் மிகையாக மதிப்பிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது, மேலே சொன்ன ஒரு பாட்டில் கோலாவின் ஆற்றல் அளவுதான். ஓடி ஓடித் தின்றதை எரித்துவிடலாம் என்று நினைப்பவர் விரைவில் சலித்துப்போவார். ஆனால் உடற்பயிற்சி எடை பார்க்கும் கருவியில் தெரியாத இடங்களில் வேலை செய்கிறது. கனடாவின் ஒட்டாவாவில், அதிக எடையுள்ள 14 முதல் 18 வயது வரையிலான 304 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே உணவு ஆலோசனை. ஒரு குழுவுக்கு ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி, இன்னொன்றுக்கு எடை தூக்கும் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. 22 வாரத்தின் முடிவில், பயிற்சி செய்த மூன்று குழுவிலும் உடம்பின் கொழுப்பு விகிதம் இறங்கியிருந்தது. தவறாமல் வந்தவர்களில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே பலன் அதிகம் தெரிந்தது.

சுருங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை அசையாமல் நின்றாலும் கல்லீரல் கொழுப்பு இளகும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும் செயல்கள் அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 146 நாடுகளின் தகவலைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்குப்படி, 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டுவதில்லை. பெண்களில் 85 சதவீதம். தண்டால், உட்கார்ந்து எழுதல், கயிறு தாண்டுதல், கபடி, சிலம்பம் எல்லாமே இதில் சேரும். ஜிம்முக்குச் சந்தா கட்ட வேண்டிய தேவை இல்லை. புரத மாவு டப்பாவும் தேவையில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளின் பக்கமே போகக் கூடாது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் பள்ளிகள், அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று யோசிப்பதில்லை.

தூக்கம் இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போகும். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமே தூங்கவிட்டு 2004இல் ஒரு சோதனை நடத்தினார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. அவர்களுக்கு ஏங்கத் தோன்றியது இனிப்பும் மாவும் உப்புத் தின்பண்டங்களும்தான், கீரை அல்ல. பதின்பருவத்தில் மூளையின் உறக்க நேரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது; சோம்பல் என்று திட்டுவதற்கு அதில் இடமில்லை. அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். கைபேசி வேறு அறையில் கிடந்து சார்ஜ் ஏறினால் கொஞ்சத் தூக்கமாவது மீளும்.

இதையெல்லாம் யார் செய்வது? அமெரிக்க ஆய்வாளர் லெனார்ட் எப்ஸ்டைன் 1990இல் வெளியிட்ட பத்தாண்டுப் பின்தொடர்வு முடிவுகள் இதற்கு நேரான விடை. 6 முதல் 12 வயதுள்ள குண்டுப் பிள்ளைகளின் குடும்பங்களைப் பிரித்து, ஒரு குழுவில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும் நேரத்தில் அதிக எடையின் விகிதம் தொடக்கத்தைவிட 7.5 புள்ளி இறங்கியிருந்தது. ஒப்பீட்டுக் குழுவிலோ 14.3 புள்ளி ஏறியிருந்தது. அப்பா டிவி முன்னால் மிக்சர் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, மகளுக்கு மட்டும் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுக்கும் வீட்டில் இது நடக்காது. பெற்றோர் என்ன பேசுகிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. மினசோட்டாவிலிருந்து 2013இல் வந்த ஆய்வில், எடையைப் பற்றிப் பேசிய வீடுகளின் பிள்ளைகள் ஆபத்தான வழிகளை அதிகம் நாடினார்கள். நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு. 'குண்டு' என்று செல்லமாகக் கூப்பிடும் மாமாக்களும் அத்தைகளும் இதைப் படிக்கலாம்.

இவ்வளவும் செய்தும் இறங்காத எடை உண்டு. 2022இல் வெளியான ஒரு சோதனையில் உடல்பருமன் உள்ள பதின்பருவத்தினர் 201 பேருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுக்கப்பட்டது. அதோடு செமாகுளுடைட் என்ற மருந்தைப் பெரும்பாலானோருக்கு வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டார்கள். 68 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் உடல் நிறை எண் சராசரி 16 சதவீதம் சரிந்தது. வெற்று ஊசியும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களுக்கு அது அரை சதவீதம் போல ஏறியது. ஆலோசனையை நம்பி இந்த அத்தியாயத்தை இதுவரை படித்தவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஒருவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வேறு, அவர் வீட்டுப் பானையையும் பள்ளியின் கால அட்டவணையையும் மாற்றுவது வேறு. அந்தச் சோதனையில் ஆலோசனை செய்தது முதலாவதை மட்டுமே. மருந்துக்கும் எல்லை இருக்கிறது: பெரியவர்களிடம் அதை நிறுத்திய ஓராண்டில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளையும் தொடக் கூடாத மருந்து அது.

மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள் வீட்டிலேயே தெரியும். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை படர்ந்தால், தேய்த்துக் குளித்தால் போகிற அழுக்கு அல்ல அது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். உரத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவதும், முகத்தில் அளவு மீறிய ரோமமும் அதே பட்டியலில் வரும். அப்போது ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது, எல்லாரோடும் உட்கார்ந்து உண்ண மறுப்பது, மளமளவென்று எடை இறங்குவது ஆகியவற்றுக்கும் அதே அவசரம் உண்டு, உடம்பு எவ்வளவு பருமனாக இருந்தாலும்.